ஹோவர் விளைவு திக்காமல், துடிக்காமல், போனில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க

கேள்வி இதுதான்: ஒரு விற்பனைத் தளத்தில் 24 படங்கள் கொண்ட பட்டியல் பக்கம். கர்சர் படத்தின் மேல் வந்ததும் (இந்த நிலைதான் ஹோவர்) படம் சற்றுப் பெரிதாகி, அட்டை லேசாக மேலெழும்பி, நிழல் விழுந்து, பொருளின் பெயர் கீழிருந்து ஏறி வரவேண்டும். சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் விதிகள்) எழுதியாகிவிட்டது. ஆனால் பழைய லேப்டாப்பில் திக்குகிறது. அட்டையின் கீழ் ஓரத்தில் கர்சரை வைத்தால் துடிக்கிறது. போனில் ஒருமுறை தொட்டால் அந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் சரிசெய்ய முடியுமா?

முடியும், ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட வேண்டாம். கர்சரைக் கவனிக்கும் எலிமெண்ட் (பக்கத்தின் ஓர் உறுப்பு) அசையக் கூடாது. அசைகிற எலிமெண்ட்டில் டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்தல், அளவு மாற்றல்), ஒபாசிட்டி (எவ்வளவு மங்கலாக அல்லது முழுமையாகத் தெரிகிறது என்பது) இரண்டைத் தவிர வேறெதுவும் மாறக் கூடாது. இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் உங்கள் முதல் இரண்டு சிக்கல்களும் தீரும். போன் சிக்கலுக்கு ஒரு மீடியா கொரி (சாதனத்தின் தன்மை பொருந்தினால் மட்டும் செயல்படும் விதித்தொகுப்பு) போதும்.

ஏன் அந்த இரண்டு பிராப்பர்ட்டி (சிஎஸ்எஸ்ஸில் மாற்றக்கூடிய பண்பு) மட்டும்? திரையில் ஒரு பிரேம் வருவதற்குள் பிரவுசர் நான்கு வேலைகளைச் செய்கிறது: எந்த எலிமெண்ட்டுக்கு எந்த ஸ்டைல் என்று கணக்கிடுவது, எது எங்கே எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளப்பது, நிறங்களையும் நிழல்களையும் வரைவது, வரைந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத் திரைக்கு அனுப்புவது. 60 ஹெர்ட்ஸ் திரையில் இவை அனைத்துக்கும் சேர்த்து 16.7 மில்லிவினாடிதான் கிடைக்கும். 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3. விட்த், ஹைட், மார்ஜின், டாப் போன்றவற்றை மாற்றினால் அளப்பதிலிருந்து எல்லாமே ஒவ்வொரு பிரேமுக்கும் திரும்ப நடக்கும். பாக்ஸ்-ஷேடோவையோ பின்னணி நிறத்தையோ மாற்றினால் வரைவது திரும்ப நடக்கும். டிரான்ஸ்ஃபார்மும் ஒபாசிட்டியும் கடைசி வேலையை மட்டும் தொடுகின்றன. ஏற்கெனவே வரைந்துவைத்த அடுக்கை நகர்த்துவதும் மங்கலாக்குவதும் கிராபிக்ஸ் சிப்புக்கு எளிது. அந்த வேலை தனி திரெட்டில் (தனி வேலைத்தொடரில்) ஓடுவதால், மெயின் திரெட்டில் வேறு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தாலும் அசைவு தடைபடாது.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கர்சர் எந்த எலிமெண்ட்டின் மேல் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் ஸ்டைலைத் திரும்பக் கணக்கிடுவதும் மெயின் திரெட்டில்தான் நடக்கின்றன. அதனால் ஹோவர் தாமதமாகத் தொடங்கி, தொடங்கியபின் வழுக்கிக்கொண்டு ஓடினால் குற்றம் உங்கள் சிஎஸ்எஸ்ஸில் இல்லை. பக்கத்தில் ஓடும் ஏதோவொரு ஸ்கிரிப்டைத் தேடுங்கள்.

இனி அமைப்பு. ஒவ்வொரு அட்டைக்கும் வெளியே ஒரு லிங்க், அதற்குள் ஒரு ஃபிகர் (படத்துக்கான உறை), அதற்குள் படமும் ஃபிக்கேப்ஷனும் (பொருளின் பெயர்). இரண்டு உறை எதற்கு என்று தோன்றும். படம் பெரிதாகும்போது அதன் ஓரம் வெளியே வழியாமல் வெட்ட ஒரு உறைக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் வேண்டும். ஆனால் அதே உறைக்குள் நிழலுக்கான சூடோ எலிமெண்ட்டை (பிஃபோர், ஆஃப்டர் என்று சிஎஸ்எஸ்ஸே உருவாக்கும் கூடுதல் உறுப்பை) வைத்தால் நிழலும் சேர்ந்து வெட்டுப்படும். ஆகவே வெட்டும் வேலை உள்ளே இருக்கும் ஃபிகருக்கு. நிழல் வெளியே இருக்கும் லிங்குக்கு. சூடோ எலிமெண்ட்டை நேராகப் படத்திலேயே மாட்ட நினைக்காதீர்கள். இமேஜ் டேகுக்கு பிஃபோர், ஆஃப்டர் இரண்டும் வேலை செய்யாது.

லிங்குக்கு டிஸ்ப்ளே பிளாக், பொசிஷன் ரிலேட்டிவ், ஐசொலேஷன் ஐசொலேட். ஃபிகருக்கு மார்ஜின் 0, பொசிஷன் ரிலேட்டிவ், ஓவர்ஃப்ளோ ஹிடன், பார்டர்-ரேடியஸ் 12 பிக்சல், ஆஸ்பெக்ட்-ரேஷியோ 4/3. படத்துக்கு டிஸ்ப்ளே பிளாக், அகலம் உயரம் இரண்டும் 100 சதவீதம், ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர். மார்ஜினை 0 ஆக்க மறந்தால் ஃபிகருக்கு பிரவுசர் தானாகக் கொடுக்கும் 40 பிக்சல் பக்க இடைவெளி அட்டையைக் குறுக்கிவிடும். பார்டர்-ரேடியஸ் கொடுத்தும் பழைய சஃபாரியில் படம் பெரிதாகும் நேரத்தில் மட்டும் மூலைகள் சதுரமாகித் திரும்ப வளையும். அதற்கு ஃபிகருக்கும் ஒரு ஐசொலேஷன் ஐசொலேட் கொடுத்தால் போதும்.

துடிப்புக்கு வருவோம். ஹோவரில் லிங்கையே 8 பிக்சல் மேலே தூக்குகிறீர்கள் என்று வையுங்கள். கர்சர் கீழ் ஓரத்தின் கடைசி 8 பிக்சலுக்குள் இருந்தால், அட்டை எழும்பியதும் கர்சருக்கு அடியில் ஒன்றும் இருக்காது. ஹோவர் போய்விடும், அட்டை இறங்கும், திரும்பக் கர்சரைத் தொடும், திரும்ப எழும்பும். நின்றபாடில்லாமல் இதுவே நடக்கும். லிங்க் தன் இடத்திலேயே இருக்க, அதற்குள் இருக்கும் ஃபிகரை மட்டும் தூக்குங்கள். அதாவது செலக்டரை 'லிங்க் ஹோவரில் இருக்கும்போது அதன் உள்ளே உள்ள ஃபிகர்' என்று எழுத வேண்டும். காலியாகும் கீழ் ஓரத்திலும் லிங்கின் பெட்டி அசையாமல் கிடப்பதால் கர்சர் வெளியேறியதாகக் கணக்காகாது.

நிழலை பாக்ஸ்-ஷேடோவுக்கு டிரான்சிஷன் (படிப்படியான மாற்றம்) கொடுத்து மாற்றுவது எல்லோரும் எழுதும் முறை. பழைய லேப்டாப்பில் திக்குவதற்கு அதுவே முதல் சந்தேகம், ஏனென்றால் பரவலான நிழலை ஒவ்வொரு பிரேமிலும் புதிதாக வரைய வேண்டியிருக்கிறது. பதிலாக லிங்கின் ஆஃப்டர் சூடோ எலிமெண்ட்டுக்கு இன்செட் 0, அதே பார்டர்-ரேடியஸ், முழு அளவு நிழல் (கீழ்நோக்கி 12 பிக்சல், மங்கல் 32 பிக்சல், கறுப்பு 25 சதவீதம்), இசட்-இண்டெக்ஸ் (எது மேலே, எது கீழே என்ற அடுக்கு வரிசை) மைனஸ் 1, ஒபாசிட்டி 0 என்று கொடுத்துவிட்டு, ஹோவரில் ஒபாசிட்டியை மட்டும் 1 ஆக்குங்கள். நிழல் ஒரே ஒருமுறை வரையப்படும். லிங்குக்கு ஐசொலேஷன் கேட்டது இதற்காகத்தான். அது இல்லாவிட்டால் மைனஸ் 1 கொடுத்த நிழல், பின்னணி நிறம் உள்ள ஏதோவொரு பெற்றோர் எலிமெண்ட்டுக்கு அடியில் போய் மறைந்துவிடும்.

இங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கிரிட்டில் அட்டைகளுக்கு இடைவெளி 16 பிக்சல்தான் என்றால், நிழல் அடுத்த அட்டைக்கு அடியில் போய் வெட்டுப்பட்டதுபோல் தெரியும். ஹோவரில் லிங்குக்கு இசட்-இண்டெக்ஸ் 1 கொடுத்தால் சரியாகும். ஆனால் கர்சர் விலகியதும் அது உடனே பழைய நிலைக்குப் போய்விடுவதால், நிழல் மங்கி முடிவதற்கு முன்பே பக்கத்து அட்டைக்கு அடியில் சட்டென்று நழுவும். சாதாரண நிலையில் இசட்-இண்டெக்ஸ் 0 என்று வெளிப்படையாக எழுதி, அதற்கு நீளம் 0, தாமதம் 300 மில்லிவினாடி என்று டிரான்சிஷன் கொடுங்கள். ஹோவர் விதியில் அந்தத் தாமதத்தை 0 ஆக்குங்கள். நிழல் முழுவதும் மறையும்வரை அட்டை மேலேயே இருக்கும்.

டிரான்சிஷனை எங்கே எழுதுவது என்பதிலும் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஹோவர் விதிக்குள் மட்டும் எழுதினால் உள்ளே வரும்போது மெதுவாக மாறும், வெளியே போகும்போது வெடுக்கென்று திரும்பும். சாதாரண நிலையில் எழுதியது கர்சர் விலகும்போது வேலை செய்யும். ஹோவர் விதியில் எழுதியது கர்சர் வரும்போது வேலை செய்யும். இதை வைத்து வருகைக்கு ஒரு வேகம், விலகலுக்கு ஒரு வேகம் என்று வைக்கலாம். வருகைக்கு 220 மில்லிவினாடியும் 60 மில்லிவினாடித் தாமதமும், விலகலுக்குத் தாமதம் இல்லாமல் 300 மில்லிவினாடியும், இரண்டுக்கும் ஈஸ்-அவுட் என்பதே என் பரிந்துரை. அந்தச் சிறு தாமதம் முக்கியம். பயனர் பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கர்சரை இழுத்துக்கொண்டு போகும்போது வழியில் உள்ள அட்டைகள் எல்லாம் வரிசையாக எழுந்து விழாமல் அது தடுக்கும். அரை வினாடிக்கு மேல் இழுக்காதீர்கள். பொருள் வாங்க வந்தவரைக் காக்கவைக்கும் அசைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

டிரான்சிஷன் ஆல் என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் நினைக்காத பிராப்பர்ட்டிகளும் அதில் மாட்டிக்கொள்ளும். விண்டோவைச் சுருக்கி விரித்தால் பேடிங்கும் எழுத்தளவும் ஊர்ந்து மாறும். டார்க் மோடுக்கு மாற்றினால் நிறங்கள் ஊர்ந்து மாறும். எது மாற வேண்டுமோ அதன் பெயரை எழுதுங்கள்.

படம் எவ்வளவு பெரிதாக வேண்டும்? ஸ்கேல் 1.05, 1.06 போதும். 400 பிக்சல் அகலப் படத்தில் 1.06 என்பது பக்கத்துக்கு 12 பிக்சல். கண்ணுக்கு நன்றாகவே தெரியும். 1.2 வைத்தால் புடவையின் பார்டரும் செருப்பின் நுனியும் வெட்டுப்பட்டு, வாங்க வருபவர் பார்க்க வேண்டியதே மறைந்துவிடும். பெரிதாகும்போது படம் மங்காமலிருக்க கோப்பின் அகலம், காட்டும் அகலத்தைத் திரையின் பிக்சல் அடர்த்தியாலும் ஸ்கேலாலும் பெருக்கிய அளவு இருக்க வேண்டும்: 400 பெருக்கல் 2 பெருக்கல் 1.06, அதாவது 848. 850 பிக்சல் அகலக் கோப்பு வைத்தால் போதும். சோர்ஸ்செட் (ஒரே படத்தின் பல அளவுகளைத் தந்து பிரவுசரைத் தேர்வுசெய்ய விடுவது) பயன்படுத்துகிறீர்கள் என்றால், படம் எவ்வளவு அகலத்தில் தெரியும் என்று சொல்லும் சைசஸ் அட்ரிபியூட்டுக்கு ஹோவர் ஸ்கேல் பற்றி ஒன்றும் தெரியாது. 1.06க்கு வித்தியாசம் கண்ணில் படாது. 1.3 வைத்தே ஆகவேண்டும் என்றால் சைசஸில் 400க்குப் பதிலாக 520 என்று சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிடப் பெரியது. கேமராவிலிருந்து வந்த 4000க்கு 3000 பிக்சல் படத்தை அப்படியே 400 பிக்சல் கட்டத்தில் போட்டால், கோப்பு 2 எம்பிதானே என்று தோன்றும். மெமரியில் முழு அளவில் விரித்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட், ஆகமொத்தம் 48 எம்பி. 24 படத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தச் சுமையை வைத்துக்கொண்டு சிஎஸ்எஸ்ஸை எவ்வளவு செதுக்கினாலும் பழைய லேப்டாப் திக்கத்தான் செய்யும். படங்களை முதலில் சுருக்குங்கள், பிறகு மற்றதைப் பாருங்கள்.

வில்-சேஞ்ச் பற்றியும் இதே கணக்குதான். 'டிரான்ஸ்ஃபார்முக்கு வில்-சேஞ்ச் போடுங்கள், வேகமாகிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். அது படத்தை முன்கூட்டியே தனி அடுக்காக்கி வைக்கச் சொல்லும் குறிப்பு. 400க்கு 300 அட்டை, இரட்டை அடர்த்தித் திரையில் 800க்கு 600. நான்கால் பெருக்கினால் அடுக்கு ஒன்றுக்கு 1.92 எம்பி, 24 அட்டைக்கு ஏறக்குறைய 46 எம்பி. பயனர் மூன்று அட்டையின் மேல்தான் கர்சரை வைக்கப்போகிறார், நாம் இருபத்துநான்குக்கும் இடம் பிடித்துவைக்கிறோம். டிரான்சிஷன் தொடங்கும்போது பிரவுசர் தானாகவே அடுக்கைப் பிரித்துக்கொள்ளும். அசைவு தொடங்கும்போதும் முடியும்போதும் படம் ஒரு பிக்சல் நகர்ந்து குதிப்பது கண்ணில் பட்டால் மட்டும், அந்தப் படத்துக்கு மட்டும் போடுங்கள்.

பெயர் ஏறி வரும் பகுதிக்கு ஹைட்டையோ பாட்டத்தையோ மாற்ற வேண்டாம். ஃபிக்கேப்ஷனைக் கீழே ஒட்டி அப்சொல்யூட்டாக வைத்து, டிரான்ஸ்லேட்-ஒய் 100 சதவீதம் கொடுத்தால் தன் உயரம் எவ்வளவோ அவ்வளவு கீழிறங்கி மறைந்துகொள்ளும். ஹோவரில் 0. இதற்கு நிலையான உயரம் தேவையே இல்லை என்பது தமிழ்த் தளங்களுக்குப் பெரிய வசதி. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் பெயர் தமிழில் இரண்டு வரிக்குப் போகும். 48 பிக்சல் என்று உயரத்தைப் பூட்டிவைத்தால் இரண்டாவது வரி வெட்டுப்படும். லைன்-ஹைட் 1.5க்குக் குறையாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் மேல்வரியின் கொம்பும் கீழ்வரியின் சுழியும் ஒன்றோடொன்று உரசும். நீண்ட கூட்டுச்சொற்கள் அட்டையைத் தாண்டாமலிருக்க ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் கொடுங்கள். ஹோவரில் எழுத்தைத் தடிமனாக்குவது வேண்டாம். எழுத்தகலம் மாறி வரி உடையும் இடமே மாறிவிடும்.

எழுத்துக்குப் பின்னால் கறுப்புச் சாய்வு நிறம் வேண்டுமென்றால், கிரேடியன்ட்டை நேராக டிரான்சிஷன் செய்ய முடியாது என்பதை நினைவில் வையுங்கள். அது படிப்படியாக மாறாமல் சட்டென்று தாவும். கிரேடியன்ட்டை ஃபிகரின் ஆஃப்டரில் வைத்து ஒபாசிட்டியை மாற்றுங்கள். அதற்கு பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் கொடுங்கள். இல்லாவிட்டால் படத்தின் மேல் வலது கிளிக் செய்பவருக்கு 'படத்தைச் சேமி' என்ற மெனுவே வராது. படம் வெள்ளையாக இருந்தாலும் எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற வேறுபாடு கிடைக்கும் அளவுக்குச் சாய்வு அடர்த்தியாக இருக்க வேண்டும். படத்தை முழுவதுமாக இருட்டாக்கவும் இதே முறை போதும், ஃபில்டர் பிரைட்னஸ் தேவையில்லை. ஃபில்டர்களில் கிரேஸ்கேல் பொதுவாகத் தொல்லை தராது. பிளர்தான் கனமானது. ஆரம் கூடக்கூட, பரப்பு கூடக்கூடச் செலவு ஏறும். படத்தின் ஓரங்களிலும் பின்னணி கசிந்து தெரியும். போட்டே ஆகவேண்டுமென்றால் 4 பிக்சலுக்குள் நிறுத்தி, கூடவே சிறிது ஸ்கேலும் கொடுத்து ஓரத்தை வெளியே தள்ளுங்கள்.

போனுக்கு வருவோம். தொடுதிரையில் ஹோவர் என்ற நிலையே இயல்பில் கிடையாது. பிரவுசர் முதல் தொடுதலை ஹோவராகப் பாவித்து, வேறிடத்தைத் தொடும்வரை விடாது. ஐபோன் சஃபாரியில், ஹோவரால் மறைந்திருந்த ஒன்று வெளிப்படும்போது முதல் தொடுதல் ஹோவராகவும் இரண்டாவதுதான் கிளிக்காகவும் போவதுண்டு. லிங்க் வேலை செய்யவில்லை என்று பயனர் நினைத்துவிடுவார். எனவே அசைவு விதிகள் அனைத்தையும் 'ஹோவர்: ஹோவர்' மற்றும் 'பாயின்டர்: ஃபைன்' என்ற இரண்டு நிபந்தனையும் கொண்ட மீடியா கொரிக்குள் போடுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்கள் ஹோவர் உண்டு என்று தவறாகச் சொல்வதால்தான் இரண்டாவது நிபந்தனை.

பெயரை மறைக்கும் விதியும் அதே கொரிக்குள்தான் இருக்க வேண்டும். சாதாரண நிலையில் பெயர் தெரிய வேண்டும்; மவுஸ் இருக்கும் இடத்தில் மட்டும் மறைத்து, ஹோவரில் காட்ட வேண்டும். விலையையும் இருப்பு நிலையையும் ஹோவருக்குப் பின்னால் எந்தச் சாதனத்திலும் ஒளிக்காதீர்கள். 24 பொருள்களின் விலையை ஒப்பிட ஒவ்வொன்றின் மேலும் கர்சரை வைக்கச் சொல்வது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

மவுஸ் இல்லாமல் டேப் விசையால் நகர்பவர்களுக்கும் அதே விளைவு வேண்டும். ஹோவர் எழுதிய ஒவ்வொரு செலக்டருக்கும் பக்கத்தில் ஃபோகஸ்-விசிபிள் (டேப் விசையால் வந்து நிற்கும் நிலை) ஒன்றும் எழுதுங்கள். ஓவர்ஃப்ளோ ஹிடன் ஃபிகரில் இருப்பதால் லிங்கைச் சுற்றி வரும் அவுட்லைன் வெட்டுப்படாது. இரண்டு உறை வைத்ததில் இதுவும் ஒரு லாபம். அசைவு பார்த்தால் தலைசுற்றல் வருபவர்கள் கணினி அமைப்பில் அசைவைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் கொரியில் ஸ்கேலையும் டிரான்ஸ்லேட்டையும் எடுத்துவிட்டு, ஒபாசிட்டி மாற்றத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து நீங்கள் கேட்கக்கூடியது: ஹோவரில் அதே பொருளின் வேறு கோணப் படத்தைக் காட்டுவது. பேக்கிரவுண்ட்-இமேஜை ஹோவர் விதியில் மாற்றினால், கர்சர் வந்த பிறகுதான் இரண்டாவது படம் டவுன்லோட் ஆகத் தொடங்கும், அதுவரை வெற்றிடம் தெரியும். இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே இருப்பதன் ஒபாசிட்டியை 0விலிருந்து 1க்கு மாற்றுங்கள். கீழே இருப்பதை மங்கலாக்க வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் நடுவில் இரண்டும் 50 சதவீதத்தில் நிற்கும்போது பின்னணி 25 சதவீதம் கசிந்து, அட்டை ஒரு கணம் வெளிறிப்போகும். போனில் தேவையில்லாத அந்த இரண்டாவது படத்துக்கு டேட்டா செலவாகாமலிருக்க, பிக்சர் எலிமெண்ட்டின் சோர்ஸுக்கு மீடியா அட்ரிபியூட்டில் 'ஹோவர்: ஹோவர்' கொடுத்து உண்மையான படத்தை அங்கே வைத்து, உள்ளே உள்ள இமேஜ் டேகில் ஒரு பிக்சல் வெற்றுப்படம் வைக்கலாம். லோடிங் லேசியும் (திரைக்கு அருகே வரும்போது மட்டும் டவுன்லோட் செய்வது), ஆல்ட்டை (படத்துக்கு மாற்றான எழுத்து) காலியாக விடுவதும் சேர்ந்தால் நிறைவு.

அட்டையைப் புரட்டிக் காட்டும் முப்பரிமாண விளைவில் பெரும்பாலானோர் சிக்கும் இடம் ஒன்றுதான். டிரான்ஸ்ஃபார்ம்-ஸ்டைல் பிரிசர்வ்-3டி கொடுத்த அதே எலிமெண்ட்டுக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன், 1க்குக் குறைந்த ஒபாசிட்டி, ஃபில்டர் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் முப்பரிமாணம் தட்டையாகிவிடும், பின்பக்கம் தெரியவே தெரியாது. வெட்டுவதையும் வளைவு மூலையையும் முன்பக்கம், பின்பக்கம் என்ற உள் எலிமெண்ட்களுக்குக் கொடுங்கள். பெர்ஸ்பெக்டிவ் (ஆழ உணர்வைத் தரும் பார்வைத் தூரம்) 800 முதல் 1000 பிக்சல், அதுவும் சுழலாத வெளி எலிமெண்ட்டுக்கு.

முடித்ததும் குரோம் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் சோதியுங்கள். ரெண்டரிங் பகுதியில் பெயிண்ட் ஃபிளாஷிங்கை இயக்கி அட்டைகளின் மேல் கர்சரை ஓட்டினால், திரும்ப வரையப்படும் இடங்கள் பச்சையாக மின்னும். அசைவு தொடங்கும்போதும் முடியும்போதும் ஒருமுறை மின்னுவது இயல்பு. நடுவில் விடாமல் மின்னினால் பாக்ஸ்-ஷேடோவோ டிரான்சிஷன் ஆலோ எங்கோ மிச்சம் இருக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவை 4 மடங்கோ 6 மடங்கோ மெதுவாக்கிப் பதிவுசெய்யுங்கள். உங்கள் பழைய லேப்டாப்பின் நிலைமை ஏறக்குறைய தெரிந்துவிடும். பிரேமுக்குப் பிரேம் ஊதா நிற லேஅவுட் பட்டை வந்தால் விட்த், ஹைட், டாப், மார்ஜின் ஆகியவற்றில் ஒன்று ஹோவரில் மாறுகிறது. இரண்டும் இல்லாமல் முதல் ஹோவர் மட்டும் திக்கி அடுத்தடுத்தவை சரளமாக ஓடினால் படக்கோப்பின் அளவைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.